புத்தகத்தில் விடுபட்ட ஒரு வரி

என் தந்தையின் மூத்த சகோதரரான பெரியத்தா இராணுவத்தில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றி, 1984-ஆம் ஆண்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் விழிப்பார்கள். 'பட்டாளத்தார் வீடு' என்றால் சிறுபிள்ளையும் வழிகாட்டும். அவருடைய மர அலமாரியில் பச்சைத் துணியில் சுற்றி வைக்கப்பட்ட ஒரு சிறு புத்தகம் உண்டு. அதுதான் டிஸ்சார்ஜ் புத்தகம். படையில் சேர்ந்த நாள், விலகிய நாள், மனைவி மக்களின் பெயர்கள், பெற்ற பதக்கங்கள் யாவும் அதில் எழுதப்பட்டிருக்கும். ஓய்வூதியம் தொடங்கி கேண்டீன் அட்டை வரை எதற்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது அந்தப் புத்தகமே.

ஒவ்வோர் ஆண்டும் குடியரசு நாளில் எங்கள் வட்டாரத்து முன்னாள் படைவீரர்கள் ஒன்றுகூடிக் கொடியேற்றுவர். பெரியத்தா வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு செல்வார். 2018-ஆம் ஆண்டு அவ்வாறு சென்றவர் சற்று நேரத்திலேயே திரும்பிவிட்டார். பதக்கங்களைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு அக்கூட்டத்திற்கு அவர் செல்லவே இல்லை.

நடந்ததைப் பெரியம்மாதான் என்னிடம் சொன்னார். படைவீரர்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கும் ஒருவர் அதற்குச் சில நாட்களுக்கு முன் பெரியத்தாவின் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். கூட்டத்தில் பலர் முன்னிலையில், "இந்தப் பூர்வி ஸ்டார் உங்கள் புத்தகத்திலேயே இல்லையே, கடையில் வாங்கியதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். உண்மையில் அது கடையில் வாங்கியதுதான். அசல் பதக்கங்கள் கைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அதே வடிவில் செய்யப்பட்டவற்றைக் கடையில் வாங்கி அணிவது படைவீரர்களிடையே வழக்கம். ஆனால் புத்தகத்தில் அந்த வரி இல்லையே! இருபது பேர் நடுவில் பொய்யராக நிற்க நேர்ந்ததே என்பதுதான் அவருடைய துயரம்.

பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு இராணுவ விவகாரம் எதுவும் தெரியாது. கல்லூரியில் வரலாறு படித்தவள் என்ற முறையில் ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரியும், அவ்வளவே. ஆயினும் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவரிடம் சென்று, "பெரியத்தா, அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன்.

பதக்கங்களுக்கான பக்கத்தில் மூன்று வரிகள் இருந்தன. கடினமான பகுதிகளில் பணியாற்றியதற்கான சைன்ய சேவா மெடல். 1971 போர்க்காலத்தில் படையில் இருந்தமைக்கான சங்ராம் மெடல். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தோருக்கு வழங்கப்பட்ட சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம். போர் முனையிலேயே பணியாற்றியவர்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு. மேற்கு முனையில் இருந்தோருக்குப் பஸ்சிமி ஸ்டார். கிழக்கு முனையில் இருந்தோருக்குப் பூர்வி ஸ்டார். பெரியத்தா கிழக்கு முனையில் இருந்தவர். திரிபுராவில் அப்போது இரயில் பாதை வடகோடியிலுள்ள தர்மநகர் வரைதான் இருந்தது. அங்கிருந்து அகர்தலா நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் இரவு பகலாக லாரி ஓட்டியவர் அவர்.

"பிறகு ஏன் விடுபட்டது?" என்று கேட்டேன்.

"என்னோட யூனிட் வேற இடத்துல இருந்துச்சும்மா. டிரைவர் பத்தலைன்னு என்னையும் இன்னும் சில பேரையும் இன்னொரு யூனிட்டுக்குத் தற்காலிகமா அனுப்பினாங்க. மூணு மாசம் கழிச்சுத் திரும்பிட்டேன்" என்றார்.

காரணம் விளங்கிற்று. படைவீரருக்கு ஒரு பதக்கம் உரியதானால், அவருடைய சொந்தப் பிரிவு 'பார்ட் டூ ஆர்டர்' எனும் உத்தரவை வெளியிட வேண்டும். அந்த உத்தரவு ஆவண அலுவலகத்திற்குச் சென்று அவருடைய ஷீட் ரோலில் பதியப்படும். ஓய்வு பெறும்போது அந்த ஷீட் ரோலைப் பார்த்தே டிஸ்சார்ஜ் புத்தகம் எழுதப்படும். சொந்தப் பிரிவு முனைக்குச் செல்லவில்லை. ஆகவே அது பூர்வி ஸ்டாருக்கு உத்தரவு போடவில்லை. அழைத்துக்கொண்ட பிரிவோ இவர்களைத் தன் ஆட்களாக எண்ணவில்லை. இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே ஒரு வரி விழுந்துவிட்டது.

மனு எழுதும்போது பெரியத்தாவின் பழைய நண்பர் ஒருவர் உடனிருந்தார். "எழுதுவதுதான் எழுதுகிறாய், 1965 போருக்கான சமர் சேவா ஸ்டாரையும் சேர்த்து எழுது. இத்தனை காலத்துக்குப் பின் யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். பெரியத்தாவின் முகம் மாறிவிட்டது. "நான் சேர்ந்தது 66 செப்டம்பர். அந்தச் சண்டை முடிஞ்ச பிறகுதான் வந்தேன். எனக்கில்லாதது எனக்கு வேண்டாம்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) என்று ஆண்டுதோறும் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். எழுத்தில் உள்ளதைக் குறைப்பது எவ்வாறு தவறோ அவ்வாறே இல்லாததைக் கூட்டுவதும் தவறு என்பதை அன்று பெரியத்தாவிடம்தான் கற்றேன். விடுபட்ட ஒன்றைக் கேட்பதற்கு அவருக்கு இருந்த உரிமையே, இல்லாத ஒன்றை அவர் மறுத்ததால் இன்னும் வலுப்பெற்றதாக எனக்குத் தோன்றியது.

2019 பிப்ரவரியில் முதல் மனுவைப் பதிவு அஞ்சலில் அனுப்பினோம். ஆறு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. தங்கள் ஆவணங்களில் அவ்விருது காணப்படவில்லை; ஆகவே கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது என்று இருந்தது. காணப்படவில்லை என்பதுதானே எங்கள் முறையீடு! அதையே பதிலாகவும் அனுப்பியிருந்தார்கள். பெரியத்தா அக்கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "விடும்மா" என்றார்.

எனக்கு விட மனமில்லை. அந்நாட்களில் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் படித்தேன். செயின்ட் லூயிஸ் நகரையொட்டி இருந்த இராணுவ ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்து, 160 முதல் 180 இலட்சம் வரையிலான படைவீரர்களின் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு நகலும் இல்லை. அதன் பிறகு சம்பளப் பட்டியல், படைப்பிரிவுகளின் அன்றாட அறிக்கை போன்ற வேறு இடத்துத் தாள்களைத் தேடியெடுத்தே ஒவ்வொருவருடைய பணி வரலாற்றையும் மீண்டும் அமைத்தார்கள். எரிந்து சாம்பலானதையே வேறு தாள்களைக் கொண்டு மீட்க முடியுமெனில், எரியாமல் இருக்கும் ஒன்றைத் திருத்த முடியாதா?

பெரியத்தாவின் பணிக்கு வேறு என்ன தாள் இருக்கிறது என்று வீட்டில் தேடினோம். பெரியம்மா தம் தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழைய இன்லண்டு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். 1971 டிசம்பரில் பெரியத்தா எழுதியது. அப்போது மணமாகி ஓராண்டே ஆகியிருந்தது. பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். தபால்காரர்தான் படித்துக் காட்டினாராம். அனுப்புநர் முகவரியில் அவர் அனுப்பப்பட்ட பிரிவின் பெயரும், '99 ஏ.பி.ஓ.' என்பதும் இருந்தன. மேற்கிலும் வடக்கிலும் உள்ள படைகளுக்கு 56 ஏ.பி.ஓ., கிழக்கிலுள்ளவற்றுக்கு 99 ஏ.பி.ஓ. என்பது இராணுவ அஞ்சலின் முறை. ஐம்பது ஆண்டுக்காலம் ஒரு பெண் பத்திரப்படுத்திய கடிதம் சாட்சி சொல்ல வந்தது.

கடிதம் மட்டும் போதாது என்று, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஓர் அதிகாரி எங்களுக்கு அறிவுரை கூறினார். "அவர்களுடைய தாளையே அவர்களுக்குக் காட்டுங்கள்" என்றார். அதன்படி 2020 ஜனவரியில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்துடன், தமது ஷீட் ரோலின் சான்றிட்ட நகலைக் கேட்டுப் பெரியத்தாவே கையெழுத்திட்டு விண்ணப்பித்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் நகல் வந்தது. அதன் நடுப்பக்கத்தில், 1971 நவம்பரில் இன்ன பிரிவுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டார், 1972 பிப்ரவரியில் திரும்பினார் என்று மங்கிய மையில் இரண்டு வரிகள் இருந்தன. பதக்கம் விடுபட்டிருந்தது, பணி விடுபடவில்லை.

அந்நகலையும், கடிதத்தின் நகலையும், அவருடன் லாரி ஓட்டிய கேரளத்து நண்பர் ஒருவர் அளித்த உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைத்து மீண்டும் மனு அனுப்பினோம். கொரோனா ஊரடங்கால் எல்லாம் நின்றுபோயிற்று. 2021 மே மாதத்தில் பெரியம்மா அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார்.

அதே ஆண்டு அக்டோபரில் கடிதம் வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டு உத்தரவு வெளியிடப்பட்டது. திருத்தம் செய்வதற்காக டிஸ்சார்ஜ் புத்தகத்தை அனுப்பி வைக்கவும் என்று எழுதியிருந்தது. அனுப்பினோம். ஆறு வாரத்தில் திரும்பி வந்த புத்தகத்தில், மூன்று வரிகளுக்குக் கீழே நான்காவது வரி நீல மையில் எழுதப்பட்டு, அருகில் வட்ட முத்திரையும் கையொப்பமும் இருந்தன.

1965-இல் கேம் கரண் போரில் உயிர்நீத்த ஹவில்தார் அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டதைப் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். மலைப்பாதையில் லாரி ஓட்டியவரைப் பற்றி எந்தப் பாடத்திலும் எழுதமாட்டார்கள். அவருக்கென்று உள்ளது அந்தச் சிறு புத்தகம் ஒன்றுதான். அதிலும் அவருடைய வரி இல்லாமல் போகலாமா?

நம் குடும்பங்களிலும் படைவீரர்கள் பலர் உள்ளனர். இந்த இதழை வாசிப்போர் வீட்டில் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்குமானால், இன்றே எடுத்துப் பதக்கப் பக்கத்தைப் பாருங்கள். பெரியவர் உயிரோடிருக்கும்போதே, எந்த ஆண்டு எங்கே, எந்தப் பிரிவோடு இருந்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். மனுவில் படை எண், பதவி, பிரிவு, தேதிகள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறியுங்கள். திருத்தத்திற்காக அவர்களே கேட்டாலன்றி மூலத்தை அனுப்பாதீர்கள். அனுப்பும் முன் எல்லாப் பக்கங்களுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கடிதங்களைக் குப்பையில் எறியாதீர்கள். ஓய்வூதியம் பெறும் அளவுக்குப் பணியாற்றாமல் விலகியோரின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவது படையின் விதி என்பதால் காலந்தாழ்த்துவதும் நல்லதன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, உரியதை மட்டும் கேளுங்கள்.

புத்தகம் வந்த அன்று பெரியத்தா அதை என்னிடம் நீட்டி, "என் நம்பரைச் சரியா எழுதியிருக்காங்களான்னு பாரும்மா" என்றார். ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சரிபார்த்துச் சொன்னேன். பிறகு பெரியம்மாவின் பெட்டியிலிருந்த அந்த இன்லண்டு கடிதத்தைக் கேட்டு வாங்கி, நான்காவது வரி உள்ள பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார். அடுத்த குடியரசு நாளில் வெள்ளைச் சட்டை அணிந்து, பதக்கங்களைக் குத்திக்கொண்டு கூட்டத்திற்குச் சென்றார். புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. இருந்தும் அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது.