கடலைப் பார்க்கணும் சார்

போன ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஈ.சி.ஆர் பக்கம் போயிருந்தேன். ரிட்டயர் ஆனதிலிருந்து மனுஷன் டிவியும் சுகர் மாத்திரையுமா உட்கார்ந்திருக்கார். "எங்கேயாவது போலாமாப்பா"ன்னு கேட்டா, "அந்த சவுக்குத் தோப்புக்குப் போலாம்டா"ன்னார்.

தோப்பைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நான் ரெண்டாவது மூணாவது படிக்கும்போது, 2005, 2006 வாக்கில், மாசத்துல ஒரு ஞாயிறு டிவிஎஸ் எக்ஸெல்ல வேளச்சேரியிலிருந்து கிளம்புவோம். முன்னாடி நான், நடுவுல அப்பா, பின்னாடி புளிசாதத் தூக்கோட அம்மா. உத்தண்டி தாண்டி இடது பக்கம் ஒரு மண் பாதை. போர்டு கிடையாது, கேட் கிடையாது. ரெண்டு பக்கமும் சவுக்கு. காத்தடிச்சா அந்த மரங்களே கடல் மாதிரி இரையும். கடல் எங்க ஆரம்பிக்குதுன்னு காதால கண்டுபிடிக்க முடியாது. செருப்பைக் கழட்டிட்டு, சவுக்குக் காய் குத்தக் குத்த நொண்டிக்கிட்டே ஓடினா, சட்டுனு தோப்பு முடிஞ்சு மொத்தக் கடலும் முன்னாடி நிக்கும். சுண்டல் இல்ல, குதிரை இல்ல. ரெண்டு ஃபைபர் படகு, வலை பின்னுற ஒரு தாத்தா, அவ்ளோதான்.

இப்போ அங்க பெரிய காம்பவுண்டு, பெரிய கேட். செக்யூரிட்டிக்கு அப்பா வயசு இருக்கும்.

"யாரைப் பார்க்கணும் சார்?"

"யாரையும் இல்லண்ணே, கடலைப் பார்க்கணும்."

அவர் சிரிக்கலை. "ரூம் புக்கிங் இருக்கா?"

அப்பா இறங்கி வந்து, "இங்க ஒரு மண் பாதை இருந்துச்சேங்க"ன்னார்.

"இருந்துச்சுங்க. நானே அதுல போய் மீன் வாங்கிட்டு வந்திருக்கேன். இப்ப எங்க ஊர்க்காரங்களே சுத்தித்தான் போறாங்க. நீங்க கோவளம் போயிருங்க, அங்க பார்க்கிங்லாம் இருக்கு."

கோவளம் போகலை. திரும்பிட்டோம்.

ராத்திரி தூக்கம் வராம தேடிப் படிச்சேன். 1991-ல மத்திய அரசு கொண்டுவந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை (அதாங்க, சி.ஆர்.இசட்) இருக்கே, அதோட பின்னிணைப்புல பளிச்சுனு போட்டிருக்கான்: ரெண்டு பீச் ரிசார்ட்டுக்கு நடுவுல குறைஞ்சது 20 மீட்டர் அகலத்துக்கு வழி விடணும், பொதுஜனம் கடலுக்குப் போக. வேலி போட்டாலும் அது ஜனங்க போறதைத் தடுக்கக் கூடாது. 2011-ல எல்லாத்தையும் திருப்பி எழுதினப்பவும் அந்த 20 மீட்டர் அப்படியே இருந்தது. 2019-ல மறுபடி எழுதினாங்க. ஜனநெருக்கம் அதிகமான கிராமப்புறக் கரையில கட்டடம் கூடாதுன்னு வச்சிருந்த 200 மீட்டரை 50 ஆக்கிட்டாங்க.

நம்ம பொழப்பு மாதிரியேதான். ரெக்வயர்மெண்ட் டாக்குமெண்ட்ல இருக்கும், பில்டுல இருக்காது :-) அதுலயும் அந்த வரி ஹோட்டல், ரிசார்ட்டுன்னுதான் பேசுது. வரிசையா வில்லாவா கட்டிட்டா? எட்ஜ் கேஸ். யாரும் டெஸ்ட் பண்ணலை போல.

இவ்ளோ ஆவேசமா எழுதுறவன் ஒரு விஷயத்தையும் ஒத்துக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க டீம் அவுட்டிங் இதே கேட்டுக்குள்ளதான் நடந்தது. பஸ் நேரா உள்ள போச்சு, கையில பட்டை கட்டிவிட்டாங்க, வெல்கம் டிரிங்க் குடுத்தாங்க. இதுதான் நம்ம தோப்புன்னு எனக்கு உறைக்கவே இல்லை. அன்னைக்கு போட்டோ போட்டு நூத்துச் சொச்சம் லைக் வேற வாங்கினேன்.

திரும்பி வர்ற வழியில அப்பாகிட்ட இதைச் சொன்னேன். கோவப்படுவார்னு நெனைச்சேன். அக்கரை சிக்னல்ல வண்டி நிக்கும்போது மெதுவா கேட்டார்.

"உள்ள சவுக்கு மரம் ஏதாவது மிச்சம் இருந்துச்சாடா?"

எனக்கு ஞாபகம் இல்லை. டிஜே இருந்தது, பார்பிக்யூ இருந்தது. மரம் இருந்துச்சான்னு பார்க்கலை.

"ரெண்டு மூணு இருந்துச்சுப்பா"ன்னேன்.