கருப்பு வயர் எல்லாம் நியூட்ரல் அல்ல!

உத்தமபாளையம் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்கு இலைப்புள்ளி நோய் பார்க்கப் போயிருந்தேன். பார்த்து முடித்ததும் தோட்டக்காரர், "சார், சோலார் மோட்டார் நேத்துல இருந்து தண்ணி எடுக்கல, அதையும் ஒரு எட்டுப் பாருங்க" என்றார். போனால், பேனலுக்கு அடியில் எலி கடித்த கருப்பு வயரின் தோலைச் சீவ, கத்தியோடு உட்கார்ந்திருந்தான் அவருடைய மகன். "தம்பி, முதல்ல கத்தியைக் கீழ வை" என்றேன். "கருப்பு நியூட்ரல்தானே சார், மோட்டாரையும் ஆஃப் பண்ணிட்டேன்" என்றான்.

அவன் சொன்ன இரண்டுமே ஆளைக் கொல்லக்கூடிய நம்பிக்கைகள்.

நான் படித்தது வேளாண்மை. ஆனால், 2019-ல் பி.எம். குசும் திட்டம் வந்தபிறகு, பயிரைப் பற்றிக் கேட்பவர்கள் பேனலைப் பற்றியும் கேட்கிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வீட்டுக்கு வருவது ஏ.சி. மின்சாரம். அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். நியூட்ரலை டிரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த் செய்திருப்பதால், 'கருப்பு அடிக்காது' என்று நினைத்துப் பழகிவிட்டோம். பேனலில் இருந்து வருவது டி.சி. அங்கே சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். நியூட்ரல் என்ற பேச்சே இல்லை. பத்துப் பேனலைத் தொடராக இணைத்தால் 400 வோல்ட் வரை வரும். சிவப்பு எவ்வளவு ஆபத்தோ, கருப்பும் அவ்வளவு ஆபத்து.

"டிராக்டர்ல கருப்பைத் தொட்டா ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பீர்கள். டிராக்டர் பேட்டரியின் மைனஸ், வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கிறது. அதுவும் வெறும் 12 வோல்ட். எந்தப் பக்கத்தை எர்த் செய்வது என்பது இடத்துக்கு இடம் மாறும். தொலைபேசி நிலையங்களின் 48 வோல்ட் பேட்டரியில், கம்பி அரிக்காமல் இருக்க பிளஸ்ஸைத்தான் எர்த் செய்வார்கள். அமெரிக்க விதியோ, எர்த் செய்த டி.சி. வயர் வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் பேனலின் சட்டமும் தாங்கு கம்பங்களும்தான் பச்சை வயரில் எர்த் ஆகியிருக்கும். பிளஸ், மைனஸ் இரண்டுமே பெரும்பாலும் எர்த்தில் இருக்காது. ஆகவே நிறத்தை நம்பித் தொடாதீர்கள்.

மோட்டாரை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் நிற்காது. இன்னொன்று, ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு வருவதால், தீப்பொறி வந்தாலும் அணைய வழி உண்டு. டி.சி.யில் அது கிடையாது. மோட்டார் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் பொறி நீண்டு எரியும். கையும் வேகும், பெட்டியும் கருகும்.

செய்ய வேண்டியவை:

● கோளாறு என்றால் முதலில் கன்ட்ரோலரை நிறுத்துங்கள். பிறகு டி.சி. ஐசொலேட்டரை அணையுங்கள். அதன்பிறகும் பேனலில் இருந்து ஐசொலேட்டர் வரையுள்ள வயரில் மின்சாரம் இருக்கும், தொடாதீர்கள்.

● டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்ப வேண்டாம். பழுது பார்க்க வருபவர் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து அளக்கட்டும்.

● அறுந்த இடத்தில் கையில் கிடைத்த வீட்டு வயரை ஒட்டுப் போடாதீர்கள். வெயில் தாங்கும் சோலார் கேபிளே வேண்டும், அதே நிறத்தில். நிறம் மாறினால், அடுத்து வருபவர் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்து கன்ட்ரோலரைக் கெடுத்துவிடுவார்.

● பச்சை வயரை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். நம் மலையடிவார இடிமழைக்கு அதுதான் காவல்.

● எலி, அணில் கடிக்காமல் வயரைக் குழாய்க்குள் விடுங்கள்.

அன்று அந்த வயரைப் பம்ப் நிறுவிய நிறுவனத்து ஆள் வந்து மாற்ற இரண்டு நாள் ஆனது. வாழை இரண்டு நாள் காயும். ஒரு தண்ணீர் விட்டால் தெளிந்துவிடும். பிள்ளை அப்படியா?