‘ரெண்டு வருஷம்தானே!’ - டோக்கியோவின் குட்டி இந்தியாவில் வளரும் நம்ம ஊர் வாண்டுகள்

டோக்கியோவின் கிழக்குப் பக்கம், தோசாய் மெட்ரோ லைனில் இருக்கிறது நிஷிகசாய் ஸ்டேஷன். மாலை நேர ரயிலிலிருந்து லேப்டாப் பையோடு இறங்கும் கூட்டத்தில் நம்ம ஊர் முகங்கள் நிறையவே தென்படும். கொஞ்சம் நடந்தால் பருப்பு, புளி, மசாலாப் பொடி விற்கும் இந்தியக் கடைகள். பக்கத்து பார்க்கில் ஊஞ்சலுக்காக வரிசையில் நிற்கும் குழந்தைகள் தமிழ், தெலுங்கு, இந்தி, ஜப்பானிய மொழி என எல்லாவற்றையும் கலந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நிஷிகசாய் இருப்பது எடோகாவா வார்டில். டோக்கியோவின் 23 வார்டுகளில் இந்தியர்கள் அதிகம் வசிப்பது இங்கேதான். 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த ‘ஒய்2கே’ காலத்தில், நம் இன்ஜினீயர்கள் பலர் ஜப்பானுக்குப் போனார்கள். இங்கிருந்து அலுவலகங்கள் நிறைந்த ஓத்தேமாச்சிக்கு ஒரே ரயிலில் போய்விடலாம். வெளிநாட்டவருக்கு வீடு கிடைப்பது கஷ்டமான ஊரில், ஜாமீன்தாரர் கேட்காத ‘யு.ஆர்’ குடியிருப்புகளும் இங்கே இருந்தன. ஏற்கெனவே இங்கு குடியேறியிருந்த தேயிலை வியாபாரி ஜக்மோகன் சந்திரானி, புதிதாக வந்தவர்களுக்கு வீடு பிடிக்கவும் சாப்பாட்டுக்கும் உதவினார். ‘குட்டி இந்தியா’ உருவானது இப்படித்தான்.

என் அக்கா குடும்பமும் இரண்டு ஆண்டுகள் இங்கே இருந்தது. கிளம்பும்போது எல்லோரும் சொன்ன ஒரே ஆறுதல், “ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்!”

பெரியவர்களுக்கு அது சரி. ஆனால், நான்கு வயதுப் பையனுக்கு இரண்டு வருடம் என்பது அவன் வாழ்ந்த வாழ்க்கையில் பாதி! நமக்கு ஆன்சைட் என்பது, அவனுக்குப் பால்யம்.

எந்த ஸ்கூல்?

குடும்பத்தோடு வருபவர்களுக்கு முதல் தலைவலி இதுதான். வீடு கிடைத்த 14 நாள்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். குழந்தைகளுக்கான மருத்துவ உதவி, பள்ளி விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். ஹெல்த் இன்ஷூரன்ஸில் சேர்த்துவிட்டால், இன்ஷூரன்ஸில் அடங்கும் சிகிச்சைகளுக்குக் குழந்தைகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

‘ஹொய்குஎன்’ எனும் காப்பகத்தில் இடம் கிடைக்க, பொதுவாக அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போக வேண்டும். அம்மா வீட்டில் இருந்தால், ‘யோச்சிஎன்’ எனும் மழலையர் பள்ளி. ஆறு வயது நிறைந்தால், அடுத்த ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அது கட்டாயமில்லை. ஆனால், விண்ணப்பித்தால் அரசுப் பள்ளியில் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்கிறார்கள். சி.பி.எஸ்.இ பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பள்ளிகளும் டோக்கியோவில் உண்டு. அங்கே கட்டணம் கட்ட வேண்டும்.

இந்தியப் பள்ளியில் சேர்த்தால் ஊர் திரும்பும்போது பாடம் விட்டுப்போகாது. ஜப்பானியப் பள்ளியில் சேர்த்தால் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் நண்பர்களாவார்கள். திரும்பும் தேதி நிச்சயமாகத் தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். அந்தத் தேதிதான் யாருக்கும் தெரிவதில்லை. ‘இன்னும் ஆறு மாசம்’ என்று கம்பெனி சொல்லும் ஒவ்வொரு முறையும் வீட்டில் இந்தப் பேச்சு மறுபடி ஆரம்பிக்கும்.

அக்கா யோச்சிஎன்னைத் தேர்ந்தெடுத்தாள். சொன்ன அளவில் துணிப்பை தைக்க வேண்டும். ஒவ்வொரு கிரேயான்ஸிலும் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை மொபைலில் போட்டோ எடுத்து மொழிபெயர்த்துப் படிக்க வேண்டும். சூப்பில்கூட மீன் சாறு சேரும் என்பதால், சைவக் குழந்தைக்குத் தனியாக லஞ்ச் பாக்ஸ் கட்ட வேண்டும்.

செலவில்லாத சந்தோஷங்கள்

குழந்தைகளுக்கு இந்த ஊர் தாராளம். கியோசென் பார்க்கில் உள்ள குட்டி மிருகக்காட்சி சாலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சிவப்பு பாண்டாவைப் பார்க்கலாம், கினிப் பன்றியைத் தொட்டுக் கொஞ்சலாம். அடுத்த ஸ்டேஷனான கசாயில், பாலத்துக்கு அடியிலேயே மெட்ரோ மியூசியம். 1927-ல் ஓடத் தொடங்கிய மஞ்சள் நிறச் சுரங்க ரயிலை அங்கே பார்க்கலாம். கடலோரம் போனால் கசாய் ரின்காய் பார்க்கில் 117 மீட்டர் உயர ராட்சத ராட்டினம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, மாலையானதும் தெரு ஒலிபெருக்கியில் வரும் மெல்லிய மெட்டு. பேரிடர் எச்சரிக்கைக்கான ஒலிபெருக்கிகள் அவை. தினமும் அவற்றைச் சோதிப்பதற்காக ஒலிக்கும் அந்த மெட்டுதான், குழந்தைகளுக்கு ‘விளையாடினது போதும், வீட்டுக்குப் போ’ என்பதற்கான அடையாளம்.

கஷ்டம் அதிகம் அம்மாக்களுக்குத்தான். கணவரைச் சார்ந்த விசாவில் வருபவர்கள், தனி அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். கணவர் வர ராத்திரி ஆகும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவர அம்மாவோ மாமியாரோ பக்கத்தில் இல்லை. “பார்க்ல ஒரு தமிழ்க் குரல் கேட்டா போதும்டி, அழுகையே வந்துடும்” என்றாள் அக்கா. அப்படிக் கிடைத்த மூன்று தோழிகள்தான் அவளுக்கு அங்கே சொந்தம்.

திரும்பி வந்த பிறகு

போன வருடம் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருநாள் அக்கா மகனை ஸ்கூலுக்கு அழைத்துப்போனேன். ஜீப்ரா கிராஸிங்கில் நின்று, ஜப்பானில் சொல்லிக்கொடுத்தபடி வலது கையை நேராக உயர்த்தினான். பஸ், ஆட்டோ, பைக் எதுவும் நிற்கவில்லை. கையை இறக்காமலேயே கேட்டான், “சித்தி, நான் கை தூக்கினது அவங்களுக்குத் தெரியலையா?”

பதில் சொல்லத் தெரியாமல் அவன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.

சரளமாகப் பேசிய ஜப்பானிய மொழி நான்கே மாதங்களில் அவனிடமிருந்து கழன்றுவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது சில வார்த்தைகளும் இரண்டு பாட்டுகளும்தான். யோச்சிஎன் தோழனின் பெயரை மட்டும் அவன் இன்னும் மறக்கவில்லை.

கைக்குழந்தையோ வாண்டுகளோடோ வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு அக்கா சொல்வது இதுதான்: “திரும்பப் போறோம்னு பாதிப் பெட்டியைப் பிரிக்காமலே வெச்சிருக்காதீங்க. எல்லாத்தையும் பிரிச்சு அடுக்குங்க. தோழனோட அம்மா நம்பரை வாங்கி வெச்சுக்கோங்க. ஊருக்கு வந்தப்புறம் மாசம் ஒரு தடவையாவது வீடியோ கால் போடுங்க.”

இந்த ஞாயிறும் கால் உண்டு. டோக்கியோவில் மதியம் இரண்டு மணி என்றால், இங்கே காலை பத்தரை. இருவருக்கும் பொதுவான மொழி இப்போது அதிகம் இல்லை. ஆளுக்கொரு பொம்மை ரயிலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொள்கிறார்கள்.