கடற்கரையில் ஒரு கலைக் கிராமம்

சென்னையிலிருந்து மகாபலிபுரம் செல்வோரில் பெரும்பாலோர் ஈஞ்சம்பாக்கத்தில் நிற்பதில்லை. பல்லவர் சிற்பங்களைக் காணும் ஆவலில் விரைந்து விடுகிறார்கள். இருபது ஆண்டுகளாக மாணவர்களை அழைத்துக்கொண்டு நானும் அவ்வாறே விரைந்தவன்தான். சென்ற மாதம் ஒரு மாணவனை முன்னிட்டு அங்கே இறங்க நேர்ந்தது.

கணக்கில் முதல்வனான அப்பையன், ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். அவன் தகப்பனார் பாத்திர வியாபாரி. “சித்திரம் சோறு போடுமா, ஸார்? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்” என்று என்னிடம் வந்தார். நேரில் பார்த்தபின் பேசலாம் என்று மூவருமாகப் புறப்பட்டோம்.

சோழமண்டல் கலைஞர் கிராமம் 1966-ஆம் ஆண்டில் தோன்றியது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. ஸி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் அதை நிறுவினார்கள். உத்தியோகம் தேடி அலைவதற்குப் பதிலாக, மெழுகிட்டுச் சாயமேற்றும் ‘பாடிக்’ துணிகள் முதலிய கைத்தொழில்களைச் செய்தார்கள். அந்த வருவாயில் மணல்வெளியை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். கைத்தொழில் வயிற்றைக் காத்தது. எஞ்சிய பொழுது கலைக்குரியதாயிற்று.

மேல்நாட்டாரைப் பின்பற்றி வரைவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஜாதகக் கட்டங்களையும் எழுத்துக்களையும் கணக்குக் குறிகளையும் ஓவியமாக்கியவர் பணிக்கர். இதைச் சொன்னதும் பையனின் கண்கள் மலர்ந்தன.

கண்காட்சிச் சாலைக்கு வெளியே, மரநிழலில் கருங்கற் சிற்பங்கள் நிற்கின்றன. “இதற்கு முகமே இல்லையே!” என்றார் தகப்பனார்.

“சுற்றி வந்து பாருங்கள், அப்பா” என்றான் பையன்.

அவர் சுற்றி வந்தார், மறுமொழி கூறவில்லை. ஆனால் செம்பும் பித்தளையும் கொண்டு இயற்றிய ஒரு சிற்பத்தின் எதிரே வெகுநேரம் நின்றுவிட்டார். பணிக்கரின் புதல்வர் நந்தகோபாலும் இவ்வுலோகங்களில் புகழ் பெற்றவரே, 2017-இல் காலமானார்.

“பற்றவைத்த இடமே தெரியவில்லை. நல்ல கைவேலை” என்றார் வியாபாரி. பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, “உனக்குப் பற்றவைக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது, அப்பா.”

“ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வா. முதலில் அதைக் கற்றுக்கொள். மற்றதைப் பிறகு பேசுவோம்.”

வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்த புத்திமதிக்கு அவசியமே ஏற்படவில்லை. அன்று நாங்கள் மகாபலிபுரம் போகாமலே வீடு திரும்பினோம்.