பல்லுக்கு ஒரு காவல்

"பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு" என்பது நம்மவர் வாயில் வழங்கும் பழமொழி. பல் வாயிலேயே இருந்தும், இருக்கவேண்டிய இடத்தில் இராமையினாற் சொல்லும் சிரிப்பும் சுருங்கிப் போனவர்கள் நம் ஊர்களிற் பலர் உளர். நாற்பது வயது கடக்கும்வரை நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். நாலு பேர் கூடிய இடத்திற் சிரிப்பு வந்தால் கை தானாக எழுந்து வாயை மறைக்கும். படம் பிடிப்பவர் சிரிக்கச் சொன்னால் உதடு இறுகும்.

இது பெற்றோரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று, காலத்தின் கோலம். மேல்வரிசையில் வேட்டைப் பற்கள் இரண்டும் இடம் போதாமல் வெளியே தெற்றிக்கொண்டு முளைத்தது என் பதின்மூன்றாவது வயதில். அது 1995ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஒற்றோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசல்களை விட்டுப் புறப்பட்டபோது, இணுவிலிலிருந்து நாங்களும் சைக்கிளில் அரிசிச் சாக்கைக் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்த அந்நாளிற் பல் வரிசையைப் பற்றி எவர் நினைப்பார்? என் வயதினர் பலர் இன்றும் வாயை மறைத்துச் சிரிப்பதைக் காண்கையில் அந்த நடைதான் என் நினைவுக்கு வருகின்றது.

உத்தியோகமும் குடும்பமும் ஒரு நிலைக்கு வந்த பின்னர், நாற்பத்தோராவது வயதில், பல் வைத்தியர் ஒருவரிடம் சென்று கம்பி கட்டிக்கொண்டேன். "இந்த வயசில உங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்ட உறவினரும் உண்டு. பற்களும் அவற்றைத் தாங்கும் எலும்பும் முரசும் நலமாயிருந்தால் வளர்ந்தவர்க்கும் பல்லை நகர்த்தலாம் என்பதை அவர்கள் அறியார். இரண்டு ஆண்டுகள் புழுக்கொடியலைக் கண்ணாற் கண்டதோடு சரி.

கம்பியைக் கழற்றிய நாளில் வைத்தியர் கண்ணாடியைக் கையிலே தந்தார். கூடவே ஒரு சிறு பெட்டியையும் தந்தார். அண்ணத்தோடு பொருந்தும் இளஞ்சிவப்புத் தகடும், முன்பற்களைத் தழுவிச் செல்லும் மெல்லிய கம்பியும் கொண்ட ஒரு கருவி அதனுள் இருந்தது. ரிற்றெயினர் என்பது அதன் பெயர். "வேலை முடிஞ்சுதெண்டு நினைக்காதேங்கோ, மாஸ்ரர், இனித்தான் உங்கட வேலை" என்றார். முதல் ஆறு மாதம் உண்ணும் வேளையும் பல் துலக்கும் வேளையும் நீங்கலாக எப்போதும் அணியவேண்டும். அதன்பின் இரவுதோறும் அணியவேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டேன். பல் நேராக இருக்கவேண்டுமென்று நான் விரும்பும் காலம்வரை என்பதே விடையாயிற்று.

வகுப்பிலும் இக்கேள்வி எழுந்தது. "சேர், பல்லு நேராகிட்டுதுதானே, பிறகேன் உதைப் போடுறியள்?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். உயிரியல் கற்பிக்கும் எனக்கு இதைவிட நல்ல பாடம் வாய்க்குமா?

பல் என்பது பலகையில் அறைந்த ஆணி போன்றதன்று. எலும்புக் குழியினுள் நுண்ணிய நார்களாற் பிணிக்கப்பட்டு நிற்பது அது. கம்பி மெல்ல அழுத்துகையில், அழுத்தம் பெறும் பக்கத்து எலும்பு கரைகின்றது. மறுபக்கத்திற் புதிய எலும்பு வளர்கின்றது. இவ்வாறே பல் இடம் பெயர்கின்றது. கம்பியைக் கழற்றும்போது அப்புதிய எலும்பு முற்றியிராது. வேரைச் சூழ்ந்த நார்கள் புது ஒழுங்குக்கு வர மூன்று நான்கு மாதங்கள் செல்லும். முரசிலுள்ள மீள்தன்மை கொண்ட நார்களோ, முறுக்கிய இறப்பரைப் போல, ஓராண்டுக்கு மேலும் பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்தபடி இருக்கும்.

அம்மாணவனுக்கு எங்கள் ஊர்ச் செம்மண் தோட்டத்தையே உதாரணங் காட்டினேன். புடலங்காய் நேராக நீளும்பொருட்டு அதன் நுனியிற் கல்லைக் கட்டித் தொங்கவிடுவர். பாதி வளர்ச்சியிற் கல்லை அவிழ்த்துவிட்டாற் காய் சுருளத் தொடங்கும். ஆயினும் புடலங்காய்க்குப் பறிக்கும் நாள் என்று ஒன்று உண்டு. பல்லுக்கு அதுவும் இல்லை. கம்பியே கட்டாதவர் வாயிலுங்கூட, வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கி ஒன்றையொன்று தள்ளுவது இயற்கை.

அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் லிற்றில் என்பவரும் அவர்தம் துணைவரும் இதனை ஆராய்ந்தனர். பல் நேராக்கும் சிகிச்சை பெற்று, ரிற்றெயினரையும் நிறுத்திப் பத்தாண்டு கடந்த 65 பேரை அவர்கள் சோதித்தனர். கீழ் முன்பல் வரிசை திருத்தமாக நிலைத்திருந்தவர் நூற்றுக்கு 30க்கும் குறைவு என்று 1981இல் வெளியிட்டனர். அவர்களுட் சிலரை இருபதாண்டளவின் பின் மீண்டும் பார்த்தபோது, 1988இல் அத்தொகை நூற்றுக்கு 10 அளவாக இறங்கியிருந்தது. இத்தனை பாடுபட்டுப் பெற்றது காவலின்மையாற் கைநழுவுவதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

நான் அணியும் அண்ணத் தகட்டு வகையை ஹோலி என்ற அமெரிக்க வைத்தியர் 1919இல் எடுத்துரைத்தார். நூறாண்டு கடந்தும் அதன் அமைப்பிற் பெரிய மாற்றம் இல்லை. பல்லின் அச்சின்மேற் சூடாக்கி வார்த்தெடுக்கும் நிறமற்ற மெல்லிய உறையும் இப்போது வழக்கில் உண்டு. கீழ் முன்பற்களின் உட்புறத்தே சிறு கம்பியை ஒட்டிவிடுவதும் உண்டு. அது கழற்றும் வேலையில்லாதது, ஆனால் அதைச் சுற்றித் துலக்குவதிற் கூடிய கவனம் வேண்டும். எது எவருக்குப் பொருந்தும் என்பதை வைத்தியரே கூறவேண்டும்.

அணியத் தொடங்கிய முதல் வாரம் சகரமும் ழகரமும் நாவில் வழுக்கின. பின்வாங்கிலிருந்து மெல்லிய சிரிப்பும் கேட்டது. வீட்டில் நாள்தோறும் அரைமணி நேரம் பத்திரிகையை உரத்து வாசித்தேன். பத்து நாளில் நாக்குப் பழகிவிட்டது.

இக்கருவிக்கு வாய்க்கும் பகைகள் சில. முதலாவது கொதிநீர். எதையும் கொதிநீரிற் போட்டாற்றான் சுத்தம் என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் எண்ணம். சூட்டில் இது வடிவம் மாறிவிடும். குளிர்ந்த நீரும் மென்மையான பிறஷும் போதும். இரண்டாவது, கடதாசியிற் சுற்றிவைக்கும் பழக்கம். என் மாணவி ஒருத்தி கலியாணப் பந்தியில் அப்படிச் சுற்றிவைத்தாள். எச்சில் வாழையிலையோடு அதுவும் போய்விட்டது. மூன்றாவது, வீட்டு நாய். மனித வாயின் மணம் கொண்ட பொருளென்றால் அதற்குத் தனி விருப்பம். ஆகவே வாயில் இல்லாத வேளை பெட்டியில் இருக்கவேண்டும். சில நாள் அணியாதுவிட்டபின் அது இறுக்கமாகப் பட்டால் பற்கள் நகரத் தொடங்கிவிட்டன என்று பொருள். வலிந்து அழுத்தாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். சீட்டு எடுத்தும், வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய காசைக் கொண்டும் பிள்ளைகளுக்குக் கம்பி கட்டுவிக்கும் குடும்பங்களை நான் அறிவேன். கம்பி கட்டுமுன்பே, அதன்பின் அணியவேண்டிய கருவி யாது, உடைந்தால் மறுபடி செய்ய என்ன செலவாகும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்பவற்றையும் கேட்டறிந்து கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டியிருக்கும் பிள்ளை விரும்பினாலும் அதைக் கழற்ற இயலாது. ரிற்றெயினரோ பிள்ளையின் மனத்தை நம்பியே இருப்பது. அதட்டி அணிவிப்பதிலும், பல் துலக்கியவுடன் அணிவது என்று அன்றாட ஒழுங்கோடு சேர்த்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் விளக்கணைக்குமுன், "இஞ்சருங்கோ, தகட்டைப் போட்டிட்டியளே?" என்று என் மனைவி கேட்பது வழக்கமாகிவிட்டது.

படைத்தலையும் காத்தலையும் வேறு வேறு தொழில்களாக நம் முன்னோர் பிரித்து வைத்தனர். பரீட்சை முடிந்த அன்றே புத்தகத்தைக் கட்டிவைக்கும் மாணவரை ஆண்டுதோறும் காணும் எனக்கு அப்பிரிவின் பொருள் இப்போது நன்கு விளங்குகின்றது. பல்லை நேராக்கித் தருவது வைத்தியரின் தொழில். அதைக் காப்பது இரவுதோறும் நாம் செய்யவேண்டிய ஒரு நிமிட வேலை. அதை நமக்காக வேறெவரும் செய்ய இயலாது.