எத்தனை மணிக்கு விளக்கைக் குறைப்பீர்கள்?

புதிதாகக் கட்டப்போகும் வளாகங்களின் மாதிரிப் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அந்தி நேரமாகவே இருக்கும். வானம் ஊதா, கடைகளில் பொன்னிற வெளிச்சம், மேலே வீட்டுச் சன்னல்களிலும் விளக்கு. அதே இடம் இரவு பன்னிரண்டு மணிக்கு எப்படியிருக்கும் என்று எந்தப் படமும் காட்டுவதில்லை.

எனக்கு அதுதான் தெரிய வேண்டும். வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவள் நான். நான்கு மணிக்கு எழ வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன். எங்கள் புளோக்குக்கு எதிரே, கீழே கடைகள், நடுவே அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று ஒரு வளாகம் எழவிருக்கிறது. அதன் விளக்கக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கார் நிறுத்துமிடம், உணவங்காடி, பாலர் பள்ளி என எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தார்கள். "வெளிவிளக்குகளை இரவில் எத்தனை மணிக்குக் குறைப்பீர்கள்?" என்று கேட்டேன். கவலையே வேண்டாம், பளிச்சென்று இருக்கும் என்றார் அங்கிருந்த இளைஞர்.

என் கவலையே அதுதான்.

இதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. சிஐஇ எனப்படும் அனைத்துலக ஒளியூட்டல் ஆணையம் 2017இல் புதுப்பித்த வழிகாட்டி, வெளிவிளக்கின் ஒளி அடுத்தவர் சன்னல்மீது எவ்வளவு விழலாம் என்று வரம்பு சொல்கிறது. பரபரப்பான நகர மையத்தில் 25 லக்ஸ், புறநகர்க் குடியிருப்பில் 10 லக்ஸ். இரவில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு அவை முறையே 5, 2 எனக் குறைய வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, தெளிந்த வானத்து முழுநிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான். அந்தக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைத் தமிழாக்கினால் 'ஊரடங்கு' என்று வரும். கொரோனா காலத்தில் நமக்குக் கசந்துபோன சொல். அதற்கு முன்பு, ஊர் அடங்கிய பிறகு என்று பாட்டிமார் சாதாரணமாகச் சொன்னது இதே பொழுதைத்தான்.

கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஊர் எப்போது அடங்கும்? கீழ்த்தளத்துக் கடைக்காரருக்கு அது நகர மையம். நான்காம் மாடியில் தொட்டில் கட்டியவருக்கு அது குடியிருப்பு. எந்த வரம்பைப் பின்பற்றுவது என்று வரைபடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். என் கட்சி தொட்டில் பக்கம்.

இருட்டாக விடச் சொல்லவில்லை. விடியற்காலை நாலரை மணிக்குத் தனியாக டாக்சி நிறுத்தம் வரை நடப்பவள் நான். எனக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் அந்த வழியில் ஒரு ஃபிளட்லைட் நேராகக் கண்ணில் அடிக்கிறது. அதற்குப் பின்னால் ஆள் நின்றால் தெரியாது. கண் கூசும்போது நிழல் இன்னும் கறுப்பாகிவிடுகிறது. அதே விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, பக்கவாட்டில் ஒரு தடுப்பு வைத்தால், பாதி வெளிச்சத்திலேயே எதிரில் வருபவரின் முகம் தெரியும். வானத்துக்கும் படுக்கையறைக்கும் போகும் ஒளியால் நடப்பவருக்கு ஒரு காசு பயனில்லை. நிறமும் முக்கியம். 3000 கெல்வினைத் தாண்டாத இளமஞ்சள் விளக்கு, நீலம் கலந்த வெள்ளை விளக்கைப்போல் தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

தேக்கா தீபாவளி ஒளியூட்டை ரசிக்கிறவள்தான் நானும். அது சில வாரங்களில் கழற்றப்பட்டுவிடும். வளாகத்து விளக்கு ஆண்டு முழுதும் எரியும்.

2016இல் வெளியான உலக இரவுவான ஒளி வரைபடத்தின்படி, சிங்கப்பூரில் யாருக்குமே கண் முழுமையாக இருளுக்குப் பழகும் அளவுக்கு இருண்ட வானம் இல்லை. இத்தனைக்கும் 1994இல் திறந்த மண்டாய் இரவுநேர விலங்குத் தோட்டத்தில், நிலவொளி போன்ற மென்மையான விளக்குகளை வைத்தே மக்களைப் பாதுகாப்பாக நடக்கவிட்டிருக்கிறோம். அந்தக் கைவண்ணம் புலிக்கும் ஆந்தைக்கும் மட்டும்தானா?

இதையெல்லாம் கம்பம் நடுவதற்கு முன் கேட்க வேண்டும். பிறகு கேட்டால், திரை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வேறொரு வட்டாரத்தில், கடைத்தொகுதியின் விளம்பரத் திரைக்கு எதிரே குடியிருக்கும் என் தோழி அப்படித்தான் கனத்த கறுப்புத் திரை வாங்கினாள். வெளிச்சம் நின்றது, காற்றும் நின்றது. இப்போது இரவு முழுக்க ஏர்கான் ஓடுகிறது. மின்கட்டணம் அவள் பெயரில் வருகிறது.