உவர்மலைக் காரும் ஒரு மஞ்சள் விளக்கும்

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தபடியே ஓடுகின்ற கார்கள் நம் நாட்டில் பெருகிவிட்டன. காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில், அதுவும் சாதாரண மனிதன் எட்டிப் பார்க்க முடியாத வரிகளோடு. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனங்களே ஓடின. நம்மோடு சேர்ந்து அவையும் மூப்படைந்தன. பிறேக் பிடிக்கிறது, கார் நிற்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும் என்பதே பலருடைய முடிவு.

அந்த விளக்கு எரியும்போது கார் நிற்கும் என்பது உண்மையே. எப்படி நிற்கும் என்பதுதான் கேள்வி. சில்லுகள் இறுகிப் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பை பொஷ் நிறுவனம் 1978 இல் மெர்சிடிஸ் கார்களில் அறிமுகப்படுத்தியது. கார் பக்கவாட்டில் சறுக்கினால் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே பிடித்து நேராக்கும் ஈ.எஸ்.பி. அமைப்பு 1995 இல் வந்தது. இரண்டும் ஒரே கணினிப் பெட்டிக்குள் குடியிருப்பவை. பெட்டிக்குத் தன் உணரிகளில் ஒன்றின்மேல் ஐயம் வந்தால் அது தவறாகத் தலையிடுவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று ஒதுங்கிக்கொள்கிறது. மஞ்சள் விளக்கின் பொருள் அதுதான்: "நான் விலகிவிட்டேன், இனி உன் பாடு."

இந்த இடத்தில் என் தொழிலைச் சேர்ந்த ஒருவரை நினைவுகூர வேண்டும். 1997 ஒக்டோபரில் சுவீடன் நாட்டு மோட்டார் சஞ்சிகையொன்றின் செய்தியாளர் றொபேர்ட் கொலின், புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ-வகைக் காரை ஒரு சோதனைக்கு உட்படுத்தினார். அந்நாட்டுச் சாலைகளில் மூஸ் எனப்படும் பெரிய மான் திடீரென்று குறுக்கே வரும். அதைத் தவிர்க்கச் சட்டென்று ஒடித்துத் திருப்புவதுபோல் அவர் திருப்பினார், கார் கவிழ்ந்தது. உலகெங்கும் அது செய்தியானது. முடிவில் அந்தச் சிறிய காருக்கு ஈ.எஸ்.பி. அமைப்பைக் கட்டாயப் பொருத்தமாகவே கொடுக்க நிறுவனம் இணங்கியது. விலையுயர்ந்த கார்களின் ஆடம்பரமாக இருந்த ஒன்று எளிய கார்களுக்கு இறங்கிவந்ததில் ஒரு செய்தியாளனுக்கும் ஒரு மானுக்கும் பங்குண்டு.

நமக்கு மூஸ் இல்லை, யானை உண்டு. திருகோணமலையிலிருந்து கந்தளாய் கடந்து ஹபரணைக்குப் போகும் ஏ-6 வீதியில் மாலை மங்கியபின் சென்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாரி மழையில் நனைந்த தார், எதிரே வரும் லொறியின் வெளிச்சம், அந்த வெளிச்சம் மறைந்த மறுகணம் நடு வீதியில் ஒரு கரிய மலை. அந்த ஒரு கணத்துக்காகத்தான் அந்தப் பெட்டி இருக்கிறது.

உவர்மலையில் வசிக்கும் என் நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியின் இதயச் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை அந்த வீதியில்தான் கண்டிக்குப் போய்வருகிறார். கிளினிக் நேரத்துக்கு அங்கு நிற்க வேண்டுமானால் விடியுமுன் புறப்பட வேண்டும். அவருடைய பழைய காரில் சென்ற ஆண்டு இந்த விளக்கு எரியத் தொடங்கியது. நகரத்துக் கராஜ் ஒன்றில் கணினியைப் பொருத்திப் பார்த்தார்கள். 'சி' என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு குறியீட்டு எண் வந்தது. பிறேக் அமுக்க உணரியில் கோளாறு, உணரியை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

குறியீட்டு முறையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினும் கியரும் சார்ந்த கோளாறுகளுக்கு 'பி', உடற்பகுதிக்கும் 'பி', அடிச்சட்டகத்துக்கு 'சி', கணினிகளுக்கிடையிலான தொடர்புக்கு 'யூ'. இரண்டு 'பி' எப்படி என்று கேட்காதீர்கள். ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு எழுத்துகள், நம் மொழிக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. பிறேக், ஸ்ரியறிங், சஸ்பென்ஷன் யாவும் 'சி' பிரிவுக்குள் அடங்கும். மற்றொன்று: இந்தியாவில் அழுத்தம் என்பதை எங்கள் பௌதிகப் பாடநூல்கள் அமுக்கம் என்றே கற்பித்தன. நண்பரும் நானும் அந்தப் பாடநூல்களின் பிள்ளைகள். எனவே இங்கும் அமுக்கம்தான்.

அந்த உணரி பெருவிரல் அளவினது. பிறேக் மிதியை அடுத்துள்ள மாஸ்ரர் சிலிண்டரில் திருகப்பட்டிருக்கும். மிதியை எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதைக் கணினிக்குச் சொல்வது அதன் வேலை. அதற்கு மூன்று கம்பிகள்: ஒன்றில் 5 வோல்ற் வரும், ஒன்று எர்த், மூன்றாவது செய்தியை எடுத்துச் செல்லும். மிதியைத் தொடாதபோது செய்திக் கம்பியில் 0.5 வோல்ற் இருக்கும். முழு அளவான 250 பார் அமுக்கத்தில் 4.5 வோல்ற். பார் என்பது ஏறத்தாழ வளிமண்டலத்தின் அமுக்கம். நம் காரின் ரயரில் இருப்பது இரண்டுக்குச் சற்று மேல்.

புது உணரியின் விலை நண்பரின் ஒரு மாத ஓய்வூதியத்தை விழுங்கிவிடும். பழையது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கலாம், உத்தரவாதம் இல்லை. பணம் ஒருபுறமிருக்க, அந்த உணரியைக் கழற்றினால் பிறேக் எண்ணெய்க் குழாய்க்குள் காற்று புகும். முறையாக அதை வெளியேற்றாவிட்டால் ஒரு மின் கோளாறுக்காகத் தொட்ட பிறேக், உண்மையாகவே பிடிக்காமற் போகும். நண்பர் தயங்கினார். "பத்திரிகைக்காரர்தானே, நாலு பேரை விசாரித்துச் சொல்லுங்கள்" என்றார்.

விசாரித்ததில் கிடைத்தவர் கிண்ணியாக்காரர். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கிருந்து ஒரு மெக்கானிக்கை வருவிப்பதென்றால் 'பாதை'க்காகக் காத்திருக்க வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காக: எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றால் வாகனங்களை ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. இப்போது மோட்டார் சைக்கிளில் அரை மணிக்குள் வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும்.

அவர் முதலில் கருவியை எடுக்கவில்லை, கேள்வி கேட்டார்.

"சேர், லைற் எப்ப எரியுது? எப்பவுமா, இடைக்கிடையா?"

நண்பர் யோசித்துச் சொன்னார்: காலையில் எரிகிறது; வெயில் ஏறி, கார் ஓடிச் சூடானபின் மறுபடி நிறுத்தி எடுத்தால் சில நாட்களில் எரிவதில்லை. சோளகம் வீசும் நாட்களில் அவ்வளவு தொல்லையில்லை. வாடைக்காற்றில் நாள் முழுக்க எரிகிறது.

என்ன, எங்கே என்பதோடு எப்போது என்பதையும் கேள் என்று புதிய நிருபர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்போம். நகரத்துக் கராஜில் யாரும் அந்த மூன்றாவதைக் கேட்கவில்லை. உணரி செத்துப்போயிருந்தால் அது காற்றின் திசை பார்த்துச் சாகாது.

பின்னர் கருவியைப் பொருத்தி, எண்ணை விட்டுவிட்டு உயிரோட்டமான அளவீட்டைத் திரையில் கொண்டுவந்தார். மிதியில் கால் இல்லை. திரையில் 11 பார். கடலில் 110 மீற்றர் ஆழத்தில் நீர் கொடுக்கும் அமுக்கம் அது. பிறேக் விளக்கின் சுவிட்ச் "கால் இல்லை" என்கிறது, உணரி "11 பார்" என்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் கணினி யாரையும் நம்பாமல் ஒதுங்குகிறது. நியாயமான நடத்தைதான். அடுத்து மிதியை மெல்ல மிதிக்கச் சொன்னார். 11 என்பது 20, 35, 60 என்று தடங்கலின்றி ஏறியது. காலை எடுத்ததும் வழுவழுவென்று 11 க்கே இறங்கியது.

"சென்சர் சாகல்ல சேர். எல்லாத்தையும் சரியாத்தான் சொல்லுது. பதினொண்டு கூட்டிச் சொல்லுது, அவ்வளவுதான்."

மீற்றரின் ஒரு முனையை பற்றறியின் எதிர் முனையிலும் மற்றதை உணரியின் எர்த் ஊசியிலும், சாவி திருப்பிய நிலையிலேயே வைத்தார். சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 0.2 வோல்ற். கணக்கு எளியது. 250 பாருக்கு 4 வோல்ற் இடைவெளி. ஒரு பாருக்கு 16 மில்லிவோல்ற். உணரியின் காலடி நிலமே 0.2 வோல்ற் உயர்ந்துவிட்டதால் அது சொல்வதெல்லாம் ஏறத்தாழ அந்த அளவு உயர்ந்தே போய்ச் சேரும். பிழை உணரியில் இல்லை, எர்த் கம்பியில்.

ஆனால் முதற் கராஜும் கம்பியைச் சோதித்ததாக நண்பர் சொன்னார். மீற்றர் "கீ" என்று சத்தமிட்டதை அவரே கேட்டாராம். மெக்கானிக் சிரித்தார். அந்தச் சத்தம் தடை 30, 40 ஓமுக்குக் கீழே இருந்தாலே வந்துவிடும். இந்த உணரி எடுக்கும் மின்னோட்டம் சுமார் 10 மில்லி அம்பியர். அதில் 0.2 வோல்ற் விழுவதற்கு 20 ஓம் போதும். 20 ஓமுக்கு மீற்றர் தாராளமாகக் "கீ" என்னும். கம்பி அறுந்திருக்கிறதா என்று கேட்டால் அறவில்லை என்பதே உண்மையான பதில். கேள்விதான் போதாது. மின்னோட்டம் போகும்போது எவ்வளவு விழுகிறது என்றல்லவா கேட்க வேண்டும்?

எனக்குத் தொண்ணூறுகளின் தொலைபேசி நினைவுக்கு வந்தது. வடக்கு, கிழக்கு நிருபர்கள் தபாற்கந்தோரில் வரிசையில் நின்று, இரைச்சலுக்கிடையே கத்திக் கத்திச் செய்தி சொல்வார்கள். "ஏழு" என்று அவர் சொன்னது கொழும்பு மேசையில் "எழுபது" என்று கேட்கும். நிருபர் பொய் சொல்லவில்லை, மேசையும் காதை மூடிக்கொண்டிருக்கவில்லை, நடுவில் கம்பி. வேறொரு வழியாகத் திருப்பிக் கேட்டு உறுதிசெய்யாமல் எந்த எண்ணும் அச்சுக்குப் போகாது என்பது எங்கள் மேசையின் சட்டம். அந்த ஒழுங்கு இல்லாத இடங்களில் நிருபர் மாற்றப்பட்டார். இரைச்சல் அப்படியே இருந்தது.

கம்பிக் கற்றையின் மேலுறையைப் பிரித்தபோது குற்றவாளி அகப்பட்டது. உணரியின் இணைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, எர்த் கம்பியின் உறையில் ஊசி முனையளவு ஒரு துளை. என்றோ, எவரோ, கம்பியை வெட்டாமல் சோதிப்பதற்காக மீற்றர் ஊசியைக் குத்திப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். அந்தத் துளை வழியே உப்புக்காற்றின் ஈரம் நுழைந்திருக்கிறது. உறையைக் கீறியதும் செப்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. இரண்டு மூன்று இழைகளே எஞ்சியிருந்தன.

களிம்பு. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை: செம்பில் களிம்பு. கோணேசர் கோயில் மண்ணில் அதற்கு இப்படி ஒரு விளக்கவுரை கிடைக்கும் என்று நான் எண்ணியதில்லை. மூன்று பக்கமும் கடல் நெருக்கும் ஊர் இது. உவர்மலை என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. சீனன்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்கள் இந்தக் காற்றில் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நிற்கின்றன. தடித்த இரும்பு, மெல்ல மெல்லத் தின்னப்படுகிறது. மயிரிழைச் செப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பழுதான பகுதியை இருபுறமும் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி எறிந்து, புதுக் கம்பி வைத்து ஈயப்பற்றுப் போட்டு, சூட்டில் சுருங்கி ஒட்டும் குழலால் மூடினார். எர்த் ஊசியில் இப்போது 10 மில்லிவோல்ற்றுக்கும் கீழே. திரையில் சுழியம். கணினியில் உணரியின் தொடக்கப் புள்ளியை மறுபடி பதிவுசெய்து, பழைய குறியீட்டை அழித்தார். முதலில் அழித்துவிட்டுப் பிறகு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்; சாட்சியத்தை எரித்துவிட்டு விசாரணை நடத்துவதற்கு ஒப்பானது அது. பின்னர் ஆளில்லாத ஒரு வீதியில் மணல் படிந்த ஓரத்தில் பலமாகப் பிறேக் பிடித்துக் காட்டினார். மிதி காலடியில் துடித்தது. கார் நேராக நின்றது.

செலவு: ஒரு முழம் கம்பி, அவருடைய இரண்டு மணி நேரம். நண்பர் கொடுத்த தொகையில் பாதியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், நண்பர் வாங்கவில்லை.

போகுமுன் அவர் சொன்ன ஒன்றைப் பழைய கார் வாங்கப்போகும் வாசகர்களுக்கு எழுதியே ஆக வேண்டும். சாவியைத் திருப்பியதும், எஞ்சினை இயக்குமுன், அந்த மஞ்சள் விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கார் நலமாக இருக்கிறதென்று மகிழாதீர்கள். விற்பவர் பல்பைக் கழற்றியிருக்கலாம். "அப்பிடி மாசத்துக்கு ரெண்டு மூணு கார் பாக்கிறன் சேர்" என்றார்.

கண்டிக் கிளினிக் அடுத்த செவ்வாய்க்கிழமை. அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டார்கள். கந்தளாய் தாண்டி யானை நின்றதாம், ஒன்றல்ல, குட்டியோடு இரண்டு. மழையும் இருந்தது. அவர் மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.